கண்மாய்க்குள் நிற்கும் மரம்

நேயர்களுக்கு வணக்கம்.

போன மாதம் என் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். ஊரில் கொஞ்சம் புஞ்சை வாங்கியிருக்கிறார். நிலம் முழுக்கச் சீமைக்கருவேலம். "சார், ஒரே வார்த்தையில சொல்லுங்க. இந்த மரம் நல்லதா, கெட்டதா?" என்றார். உடனே எனக்குப் பதில் வரவில்லை. இதே கேள்வியை 2017இல் கேட்டிருந்தால், அவர் கேட்டு முடிக்கும் முன்பே சொல்லியிருப்பேன். இடையில் எனக்கு என்ன ஆனது என்பதைத்தான் இன்றைக்கு உங்களோடு பேச நினைக்கிறேன்.

2017ஆம் வருஷத் தொடக்கம் பலருக்கும் நினைவிருக்கும். அதற்கு முந்தைய வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 60 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துபோனது. ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்த பகுதியாக அரசு அறிவித்தது. எங்கள் இராமநாதபுரம் பக்கம் கண்மாய்கள் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன. அந்த நேரத்தில்தான் வாட்ஸ்அப்பில் அந்தச் செய்தி சுற்றியது. சீமைக்கருவேலம் காற்றில் இருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிவிடும், அதனால்தான் மழை இல்லை. அது ஆக்சிஜனே விடாது. அதன் நிழலில் கட்டிய மாடு மலடாகிவிடும். நம்மை அழிக்கவே வெளிநாட்டுக்காரன் விதையை அனுப்பினான்.

நான் பாடம் நடத்திப் பிழைத்தவன். பச்சை இலை உள்ள எந்தச் செடியும் வெயிலில் ஆக்சிஜன் விடும் என்பது பள்ளிக்கூடப் பாடம். அது தெரிந்தும், வந்த செய்தியை வந்தபடியே முப்பது நாற்பது பேருக்கு அனுப்பினேன். இதை இப்போது சொல்லும்போதும் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. மனசு அன்றைக்கு ஒரு குற்றவாளியைத் தேடிக்கொண்டிருந்தது. கையெட்டும் தூரத்தில், முள்ளும் முரடுமாக, பார்த்தாலே பிடிக்காத ஒரு மரம் நின்றது. பழியைத் தூக்கி அதன் தலையில் போட்டுவிட்டோம். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்கள் தூர்ந்துபோனதைப் பற்றியோ, கண்மாய்க்குள் பட்டா வாங்கியவர்களைப் பற்றியோ, வைகை மணல் போன வழியைப் பற்றியோ அந்த இரண்டு மாதம் எங்கள் குழுவில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கெட்டவன் ஒருத்தன் கிடைத்துவிட்டால் மற்றவர்கள் எல்லாரும் தப்பித்துப் போய்விடுகிறார்கள்.

மரத்தை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அரியலூரில் ஜாமீன் கேட்டு வந்தவர்களை 100 மரம் வெட்டச் சொன்னார்கள். நானும் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்க் கண்மாயில் இறங்கினேன். அரிவாள், கோடாலி, மோர்ப்பானை எல்லாம் தயார். மதியத்துக்குள் கரையோரம் ஒரு பக்கம் வெளிச்சமாகிவிட்டது. போட்டோ எடுத்தோம்.

கரைக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா கரிமூட்டம் போட்டிருந்தார். எங்கள் பக்கம் அது அன்றாடக் காட்சி. விறகை நெருக்கி அடுக்கி, மேலே சருகும் வைக்கோலும் பரப்பி, ஈரமண் பூசி, உள்ளே தீ வைப்பார்கள். தீ எரியக் கூடாது, புழுங்க வேண்டும். எங்கேயாவது மண் வெடித்துக் காற்றுப் புகுந்தால் மொத்தமும் சாம்பல். அதனால் ராத்திரியும் பக்கத்திலேயே இருந்து, வெடித்த இடத்தையெல்லாம் மண்ணால் அடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் புகை வெள்ளையாகக் கனத்து வரும், அது விறகின் ஈரம். நாள் போகப் போக மெலியும். இழையாக நீலம் தட்டினால் உள்ளே கரி ஆகிவிட்டது என்று அர்த்தம். அந்த அம்மா புகையையே பார்த்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "வெட்டுறது சரி சார். தூரைத் தோண்டாம விட்டா அது சாகாது. கோபத்தோட வரும்."

நான் காதில் வாங்கவில்லை. மரத்தை எரித்துப் பிழைக்கிறவர், மரத்துக்காகப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷ மழைக்கு அப்புறம் போய்ப் பார்த்தேன். ஒரு தண்டு நின்ற இடத்தில் ஏழெட்டுத் தண்டு. உள்ளே நுழையவே முடியவில்லை. அந்த அம்மா மரத்துக்காகப் பேசவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மரத்தை எங்களைவிட நன்றாகத் தெரிந்தவராகப் பேசியிருக்கிறார். நாங்கள் அதை வெறுத்தோம், அவர் அதை அறிந்திருந்தார். அதை ஒழிக்க நினைத்த எங்களுக்கும் அந்த அறிவுதான் தேவைப்பட்டது.

அதற்கு அப்புறம்தான் நான் உட்கார்ந்து படிக்கவும் விசாரிக்கவும் ஆரம்பித்தேன். மெக்சிகோ, கரீபியத் தீவுகள், தென்னமெரிக்காவின் வடபகுதி, இதெல்லாம் அதன் சொந்த ஊர். இந்தியாவுக்கு யாரும் சதியாக அனுப்பவில்லை. அன்றைய சென்னை மாகாண வனத்துறைதான் விறகுத் தட்டுப்பாட்டுக்காக 1870களில் விதையைக் கேட்டு வாங்கி, கடப்பைப் பக்கம் விதைத்தது. எந்த உவர்மண்ணிலும் வரும். மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கும். நெற்று இனிக்கும், ஆடு விரும்பித் தின்னும். விதை வயிற்றில் சாகாமல் புழுக்கையோடு விழுந்து முளைக்கும். பரவுவதற்கு ஆடே போதும்.

சரி, அப்படியானால் நல்ல மரமா? குஜராத்தில் பன்னி என்று பெரிய புல்வெளி இருக்கிறது. உப்பு நிலம் முன்னேறுவதைத் தடுக்க 1960களில் அங்கே இதை வளர்த்தார்கள். இன்றைக்குப் புல்வெளியில் பாதிக்கு மேல் இந்த மரம். மாட்டை நம்பி வாழும் மால்தாரிகள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'காண்டோ பாவள்'. பைத்தியக்காரக் கருவேலம் என்று பொருள். அளவுக்கு மேல் நெற்று தின்ற மாடுகளுக்குத் தாடைத் தசை கெட்டுப்போவதும் உண்மை. மலடாகும் என்ற கதைதான் பொய். வேர் ஆழமாகப் போவதும் உண்மை. அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு சுரங்கத்தில், இதற்கு நெருங்கிய உறவான மரம் ஒன்றின் வேரை 53 மீட்டர் ஆழத்தில் கண்டிருக்கிறார்கள். வருஷம் முழுக்கப் பச்சையாக இருப்பதால் வருஷம் முழுக்கத் தண்ணீர் குடிக்கும். ஆனால் மழையைத் தடுக்கிற சக்தி அதற்குக் கிடையாது.

பாருங்கள், வாட்ஸ்அப் செய்தியில் பொய்யும் உண்மையும் பின்னிக் கிடந்தன. பொய்யைக் கண்டுபிடித்தவர்கள் உண்மையையும் சேர்த்துத் தூக்கி எறிந்தார்கள். "அதெல்லாம் புரளி, அருமையான மரம்" என்று எதிர்ப்பக்கம் ஒரு செய்தி சுற்றியது. வெட்டுவதற்குக் கொஞ்ச காலம் நீதிமன்றத் தடையும் வந்தது. பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த காது நமக்கு. இரண்டு அணி, நடுவில் ஒரு நடுவர், கடைசியில் ஒரு தீர்ப்பு. எனக்கும் பட்டிமன்றம் ரொம்பப் பிடிக்கும். ஆனால் மேடையில் அணி பிரிப்பது பேச்சின் சுவைக்காக. வீட்டுக்கு வந்தும் அதே அணியில் உட்கார்ந்திருந்தால் எப்படி?

இதைக் கேட்டு, "அப்படியானால் எதிலும் முடிவே எடுக்கக் கூடாதா, மதில்மேல் பூனையாகவே இருக்க வேண்டுமா?" என்று ஒருவர் கேட்கலாம். எனக்கு அந்தப் பூனையைப் பிடிக்காது. சில விஷயங்களில் இரண்டு பக்கம் என்பதே கிடையாது. டீக்கடையில் ஒரு சாதிக்குத் தனிக் குவளை வைப்பது தப்பு. அதில் 'எந்த ஊரில், எந்தச் சூழ்நிலையில்' என்று ஆராய ஒன்றுமில்லை. அங்கே போய் நிதானம் பேசுகிறவர் தப்பித்துக்கொள்கிறார், அவ்வளவுதான்.

மரத்தின் விஷயத்திலும் எனக்கு இன்றைக்கு அழுத்தமான கருத்து உண்டு. கண்மாய், வரத்துக்கால், நீர்ப்பறவை வரும் நிலம், இங்கெல்லாம் இந்த மரம் நிற்கக் கூடாது. தூரோடு எடுக்க வேண்டும். எடுத்த வருஷமே நாட்டு மரம் வைத்து, முளைக்கும் கன்றை மூன்று நான்கு வருஷம் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். வேறு எதுவும் வராத உவர்ப் புஞ்சையில், வேலிக்குள், வெட்டி விற்கிறவன் கையில் இருந்தால் இருக்கட்டும். 2022இல் தமிழ்நாடு அரசு அந்நியத் தாவரங்களுக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. அகற்றுவதோடு, அந்த இடத்தை மறுபடி பழையபடி உயிர்ப்பிப்பதையும் சேர்த்து அது பேசியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.

மாணவரிடம் நான் திருப்பிக் கேட்டது இதுதான்: "தம்பி, உன் நிலத்துக்கு மேட்டில் கண்மாய் இருக்கா, பள்ளத்தில் இருக்கா? கிணற்றுத் தண்ணீர் உப்பா, நல்ல தண்ணீரா?" அவர் போய்ப் பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

எங்கள் ஊர்க் கண்மாயில் இரண்டு வருஷம் முன்பு ஜேசிபி வைத்துத் தூரோடு எடுத்தார்கள். நானும் கூட நின்றேன். அந்த அம்மாவும் வந்து தூர்க்கட்டைகளை வாங்கிப் போனார். தூர்க்கரி கனமாக இருக்கும், பரவாயில்லை என்றார். போகும்போது கேட்டார்: "இதெல்லாம் எரிச்சு முடிச்ச பிறகு நான் எதை சார் எரிக்கிறது?"

கண்மாயில் இப்போது தை மாதம் வரை தண்ணீர் நிற்கிறது. அங்கே மரத்தை எடுத்தது சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அப்படிச் சொல்லும்போதெல்லாம் அந்த அம்மா கேட்டதையும் சேர்த்தே சொல்கிறேன். அந்தச் சரிக்கு விலை கொடுத்தவர் அவர்.

வணக்கம்.