குண்டர் சட்டமும் ஒரு துண்டுக் காகிதமும்

நேயர்களுக்கு வணக்கம்.

1918 நவம்பரில் பாரதியார் புதுச்சேரியை விட்டுக் கிளம்பினார். பத்து வருடம் பிரெஞ்சு மண்ணில் இருந்தவரை பிரிட்டிஷாரால் தொட முடியவில்லை. எல்லை தாண்டினார், கடலூர் சிறையில் அடைத்துவிட்டார்கள். விசாரணையும் இல்லை, தண்டனையும் இல்லை. மூன்று வாரத்துக்கு மேல் வைத்திருந்து, நிபந்தனை போட்டு விட்டார்கள்.

வெள்ளைக்காரன் போனான், அந்த அதிகாரம் போகவில்லை. நம் அரசியலமைப்பின் 22-வது பிரிவைப் பாருங்கள். கைதானவருக்குக் காரணம் சொல்ல வேண்டும், வக்கீலைப் பார்க்க விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அதே பிரிவு, தடுப்புக் காவல், அதாவது இனிமேல் தப்புச் செய்யாமல் தடுக்க என்று விசாரணையின்றி அடைப்பது, என்றால் இவை பொருந்தாது என்றும் சொல்கிறது!

தமிழ்நாட்டில் இது 1982-ஆம் ஆண்டின் 14-வது சட்டம். குண்டர் சட்டம் என்போம், 'குண்டாஸ்' என்றால் தெருவுக்கே தெரியும். சாராய வியாபாரிக்கும் ரவுடிக்கும் என்று வந்தது. 2004-ல் திருட்டு வீடியோ சிடி விற்பவரும் சேர்ந்தார், பிறகு மணல் கடத்துபவர். இப்படிப்பட்ட பட்டியல் நீளும், நான் பார்த்தவரை சுருங்குவதில்லை. கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ கையெழுத்துப் போட்டால் போதும், ஓராண்டு வரை உள்ளே. அடைத்ததற்குப் போதிய காரணம் உண்டா என்று அறிவுரைக் கழகம் என்ற ஒரு குழு பார்க்கும். அதன்முன் வாதாட வக்கீல் வைக்கும் உரிமை கிடையாது.

அப்படியானால் பிடிமானம் எது? 22(5), அதாவது அதே 22-வது பிரிவின் ஐந்தாவது உட்பிரிவு. எதற்காகப் பிடித்தோம் என்பதைச் சீக்கிரம் தெரிவிக்க வேண்டும், அதை எதிர்த்து மனுக் கொடுக்க வாய்ப்புத் தர வேண்டும். இதைப் பிடித்துக்கொண்டுதான் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுக்கள், அதாவது சட்டவிரோதமாக அடைத்தவரை விடுவிக்கக் கேட்கும் மனுக்கள், ஜெயிக்கின்றன. கொடுத்த நகல் படிக்க முடியாமல் மங்கலாக இருந்தது; தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு இங்கிலீஷ் காகிதத்தைக் கொடுத்தார்கள்; அவர் போட்ட மனு காரணமில்லாமல் மேசையில் கிடந்தது. இப்படி ஒன்று நிரூபணமானால் உத்தரவு ரத்து. எங்கள் பாஷையில், குண்டாஸ் உடைந்தது.

உடனே டீக்கடையில் பேச்சு வரும்: "டெக்னிக்கல் பாயின்ட்ல வெளிய வந்துட்டான் சார்." எனக்கு இதைக் கேட்டால் கோபம் வரும். விசாரணையே இல்லாமல் ஒருவரை அடைக்கும்போது, அவருக்கும் அரசுக்கும் நடுவே நிற்பது அந்தக் காகிதம் ஒன்றுதான். அதையும் ஒழுங்காகக் கொடுக்க முடியாத அதிகாரிக்கு ஓராண்டு அதிகாரம் எதற்கு? அவர்மேல் போட்ட குற்ற வழக்கு அப்படியே இருக்கிறது; குற்றம் செய்தவர் என்றால் சாட்சி வைத்து தண்டனை வாங்கட்டும்.

உச்ச நீதிமன்றமும் 2011-ல் ரேகா வழக்கில் இதைத்தான் சொன்னது. அது நம் மாநில வழக்கு. காலாவதியான மருந்தை விற்றதாகச் சொல்லி இதே சட்டத்தில் அடைக்கப்பட்டவருடையது. சாதாரண சட்டமே போதும் என்றால் தடுப்புக் காவல் செல்லாது என்றார்கள்.

கடலூர் பக்கத்து எல்லையில் இருக்கும் கன்னியக்கோயில் வழியாகப் புதுச்சேரிக்குள் போனால் 14-வது சட்டம் கிடையாது. 22-வது பிரிவு அங்கேயும் உண்டு.

வீட்டில் ஒருவருக்கு இப்படி ஆனால், கையில் கொடுத்த காகிதக் கட்டை ஒரு தாள் விடாமல் பத்திரப்படுத்துங்கள். எந்தத் தேதியில் கொடுத்தார்கள் என்று எழுதி வையுங்கள். உத்தரவை எதிர்க்கும் மனுவைத் தள்ளிப்போடாமல் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் 15100-க்கு போன் போடுங்கள், சட்ட உதவி இலவசம்.

நன்றி, வணக்கம்.