வெட்டித் தின்னவில்லை, வாழவைத்தது!

நடுவர் அவர்களே, வணக்கம். 'ஜாஸை ஹிப்-ஹாப் வாழவைத்ததா, வெட்டித் தின்றதா?' என்பது தலைப்பு. ஜாஸ், கறுப்பின அமெரிக்கர்கள் வளர்த்த பழைய இசை; ஹிப்-ஹாப், தாளத்துக்கு மேல் பேச்சுப் போலப் பாடும் பிற்கால இசை. எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர், "அடுத்தவர் இசைத்தட்டில் ரெண்டு நொடியை வெட்டியெடுத்துத் திரும்பத் திரும்ப ஓடவிடுவது ஒரு கலையா?" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிவிட்டார். அப்படி வெட்டியெடுக்கும் துண்டுக்குத்தான் 'சாம்பிள்' என்று பெயர். சரி, அவரை ஒரு பாட்டுக் கேட்க வைப்போம்.

எ டிரைப் கால்ட் குவெஸ்ட் என்ற ஹிப்-ஹாப் குழுவின் 'தி லோ எண்ட் தியரி' ஆல்பம், 1991. முதல் பாட்டு தொடங்கும்போது டிரம்ஸ் கிடையாது. டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம் மட்டும் தனியாக நடை போடுகிறது. ஆர்ட் பிளேக்கியின் ஜாஸ் குழுவுடைய 1973 ஆல்பத்திலிருந்து எடுத்தது. அதன் மேல் டிரைப் குழுவின் பாடகர் கியூ-டிப் பேச்சுவாக்கில் ஆரம்பிக்கிறார்: ஹிப்-ஹாப் கேட்டால் பீபாப் என்ற பழைய ஜாஸ் பாணி ஞாபகம் வருகிறது என்று அவருடைய அப்பா சொல்வாராம். சில வரிகள் போன பிறகுதான் டிரம்ஸ் வந்து விழுகிறது. பிளேக்கி யார்? டிரம்மர்! டிரம்மர் நடத்திய குழுவிடம் போய் பேஸை எடுத்து வர ஒரு காது வேண்டும், நடுவர் அவர்களே. இன்னொன்று. ஜாஸின் பெரிய டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸோடு வாசித்த ரான் கார்ட்டர் இதே ஆல்பத்தில் நேரில் வந்து பேஸ் வாசித்திருக்கிறார். தின்கிறவன் வீட்டுக்கு யாராவது விருந்தாளியாகப் போவார்களா?

அப்புறம், ஹிப்-ஹாப் பாடகர் நாஸின் 'இல்மாட்டிக்' ஆல்பம், 1994. மூன்றாவது பாட்டில் இருபது வயதுப் பையன் வாழ்க்கையை நொந்துகொண்டு பாடி முடிக்கிறான். முடிகிற இடத்தில் டிரம்பெட் மாதிரியான ஒரு கார்னெட் ஒலிக்கிறது. ஊதுபவர் அவன் அப்பா, ஜாஸ் கலைஞர் ஓலு தாரா. மகனுக்குப் புத்திமதி எதுவும் சொல்லாமல் ஊதிவிட்டுப் போகிறார். அந்த இடம் வந்தால் நான் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிடுவேன். ஜாஸ் கலைஞர் அஹமத் ஜமாலின் பியானோவை நான் தேடிப் போனதும், இதே ஆல்பத்தில் அதை சாம்பிளாக எடுத்து பீட் ராக் என்ற தயாரிப்பாளர் அமைத்த பாட்டால்தான்.

அனுமதி கேட்காமல் எடுத்தார்களே என்றால், எடுத்தார்கள்தான், மறுக்கவில்லை. 1991 டிசம்பரில் நியூயார்க் நீதிமன்றம் ஒரு வழக்கில் கண்டித்த பிறகுதான் காசு கொடுத்து வாங்கும் பழக்கம் ஊன்றியது. சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' என்ற ஜாஸ் ஆல்பம் தரும் அனுபவத்தை எந்த சாம்பிளும் தராது, அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் மைல்ஸ் டேவிஸ் தன் கடைசி ஸ்டுடியோ ஆல்பத்தைப் பதிவு செய்தது யாரோடு? ஈஸி மோ பீ என்ற ஹிப்-ஹாப் தயாரிப்பாளரோடு. 'டூ-பாப்' என்ற அந்த ஆல்பம் அவர் இறந்த பிறகு, 1992இல் வந்தது. ஆல்பம் சுமார்தான், நானே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் பாதிக்கப்பட்டவரே எங்கள் அணியில் வந்து உட்கார்ந்துவிட்டார். இனி எதிரணி யாருக்காக வழக்காடுகிறது என்று கேட்டுச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே!