படித்துறையைத் திருப்பிக் கொடுங்கள்

(திருநெல்வேலி டவுனில் காலை நடைப்பயிற்சி அன்பர்கள் கூட்டிய விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்து இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட சிறப்பு விருந்தினர் அவர்களே, எங்கள் வார்டு மாமன்ற உறுப்பினர் அவர்களே, சர்க்கரை நோயாளிகளின் சாபத்தையெல்லாம் புன்னகையோடு வாங்கிக்கொள்ளும் மருத்துவர் அம்மா அவர்களே, எனக்கு முன்னால் பேசி நான் வைத்திருந்த இரண்டு வேடிக்கைகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்ட தமிழாசிரியர் ஐயா அவர்களே, பொன்னாடைக்குப் பதிலாகத் துண்டு போர்த்தினால் போதும் என்று நான் கேட்டும் கேளாமல் பொன்னாடையே போர்த்திய செயலாளர் அவர்களே, பந்தல்காரர்களே, ஒலிபெருக்கித் தம்பி, பெரியோர்களே, ஆச்சிமார்களே, அனைவருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் அவர்களுக்கு இரண்டு வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, உடற்பயிற்சியை விடாமல் தொடர்வது எப்படி என்பது. நான்கு பகுதிகளாகப் பேசப்போகிறேன். எவ்வளவு செய்வது, எத்தனை நாளில் பழகும், யாரோடு செய்வது, என்ன சாப்பிடுவது. இந்த நான்கையும் இருபது நிமிடத்தில் முடித்துத் தருவதாகத் தலைவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும். என் பேச்சை முன்பே கேட்டவர்கள் இது எப்போது வரும் என்று காத்திருந்திருப்பீர்கள். இதோ, வந்துவிட்டது. இன்னும் வரும்.

முதலில், எவ்வளவு செய்வது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, வயதுவந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பை உடம்புக்குக் கொடுக்க வேண்டும். மூச்சு சற்று வாங்க வேண்டும், ஆனால் பேச முடிய வேண்டும். அந்த வேகம் போதும். ஐந்து நாள் அரை மணி நேரம் நடந்தால் 150 ஆகிவிட்டது. அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவேற்றும் வேலையும் வேண்டும் என்கிறார்கள். இதை அந்த நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் ஜெனிவாவிலிருந்து சொல்லித்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டுமா? பணகுடிப் பக்கம் வடலிவிளைக்குப் பொங்கலன்று போய்ப் பாருங்கள். இளவட்டக்கல்லை முழங்காலுக்கு ஏற்றி, நெஞ்சுக்கு உருட்டி, தோளைத் தாண்டிப் பின்னால் போடுகிறார்கள். பெண்களும் களத்தில் இறங்குகிறார்கள். பொங்கலுக்கு முதல் நாள் முடிவெடுத்து யாரும் அந்தக் கல்லைத் தூக்கிவிட முடியாது.

இரண்டாவது, எத்தனை நாளில் பழகும். 21 நாளில் எந்தப் பழக்கமும் ஒட்டிக்கொள்ளும் என்று வாட்ஸ்அப்பில் தினமும் ஒருவர் அனுப்புகிறார். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி என்பவரும் அவருடைய குழுவினரும் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்தார்கள். ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர, ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை பிடிக்கும் என்று கணித்தார்கள். நடுவாக எடுத்தால் 66 நாள். ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கும் பழக்கம் சீக்கிரம் வந்துவிட்டது. உடற்பயிற்சிதான் தாமதித்தது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: நடுவில் ஒரு நாள் தவறினால் குடி முழுகிவிடுவதில்லை. மறுநாள் எழுந்து போனால் சரி. எறும்புக்கும் ஒரு நாள் விடுப்பு உண்டு, கல் தப்பித்துவிடாது.

மூன்றாவது, யாரோடு செய்வது. இதற்கு ஒரு கதை சொல்ல வேண்டும்.

கீழரத வீதியில் ஜவுளிக்கடை அண்ணாச்சி ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், அவருடைய பேரன்கள் இங்கே உட்கார்ந்திருக்கலாம். சர்க்கரை கூடிவிட்டது, நடக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அண்ணாச்சி அன்றைக்கே வெள்ளை வெளேரென்று ஒரு ஜோடி ஷூ வாங்கினார். தனியாக நடக்கக் கூச்சம். பாத்திரக்கடை வைத்திருந்த மைத்துனரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். இருவரும் வியாபாரிகள் அல்லவா, வாய்ப்பேச்சில் நம்பிக்கை இல்லை. ஒப்பந்தம் போட்டார்கள். காலை ஐந்தரைக்கு நெல்லையப்பர் கோயில் வாசலில் நிற்காதவர், அன்று மாலை மற்றவருக்குக் கால் கிலோ அல்வா வாங்கித் தர வேண்டும்.

முதல் சில நாட்கள் இருவரும் சுவாமி சந்நிதிக்கு முன்னால் ராணுவ வீரர்கள் மாதிரி நின்றார்கள். பிறகு ஒரு நாள் மழைத் தூறல், மைத்துனர் வரவில்லை. மாலையில் நாணயமாக அல்வா வந்தது. அண்ணாச்சி பெரிய மனிதர், தனியாகச் சாப்பிடுவாரா? வாழையிலையை விரித்துப் பாதியை மைத்துனர் பக்கம் தள்ளினார். நெய் விரலில் வழிய வழிய இருவரும் சாப்பிட்டார்கள். மறுநாள் அண்ணாச்சி எழுந்திருக்கவில்லை. கேட்டதற்கு, "மைத்துனர் செலவில் சாப்பிட்டுவிட்டுக் கடனை வைத்துக்கொள்வது முறையா?" என்றார். அதற்கு அடுத்த நாள் மைத்துனருக்கும் அதே ரோஷம். இப்படி முறை வைத்துத் தவறினார்கள். கடைசியில் காலை நடை நின்றுபோய், மாலை அல்வா நிலைத்துவிட்டது. மழையானாலும் மின்வெட்டானாலும் தீபாவளிக் கூட்டமானாலும் அல்வாக்கடை வரிசையில் இருவரும் முன்னும் பின்னுமாக நிற்பார்கள். அண்ணாச்சி அந்த வெள்ளை ஷூவைப் போட்டுக்கொண்டுதான் நிற்பார்!

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர் அண்ணாச்சியின் தாயார். அந்த ஆச்சி ஒரு நாள் கேட்டார்: "ஏலே, ஆற்றுக்குப் போய்க் குளித்துவிட்டு வருவதற்குப் பந்தயம் எதற்கு?"

வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து ஆச்சி விடிகாலையில் தாமிரபரணிக் கரையிலுள்ள குறுக்குத்துறைக்கு நடந்து போகிறவர். ஆற்றில் முங்கி எழுந்து, குந்தி உட்கார்ந்து துணி துவைத்து, இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிந்து, முருகனைக் கும்பிட்டு, ஈரத்துணி தோளிலும் செப்புக்குடம் இடுப்பிலுமாகத் திரும்பி வருவார். ஜெனிவாக்காரர்கள் கேட்ட நடை, தசை வலு இரண்டும் அதில் அடக்கம். மார்பளவு தண்ணீரில் நின்றால் முழங்கால் சுமக்கும் பாரம் பாதிக்கும் கீழே போய்விடும் என்று மருத்துவர் அம்மாவே இங்கே சொல்வார்கள். மூட்டுவலிக்காரர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சிக்கூடம் எங்கே இருக்கிறது? மாதக் கட்டணமும் கிடையாது.

அந்த ஆச்சியும் ஒரு நாள் ஆற்றுக்குப் போவதை நிறுத்திவிட்டார். சோம்பலால் அல்ல. உடம்பெல்லாம் அரிப்பு.

பெரியோர்களே, நான் பேச வந்தது இதைத்தான். மன உறுதி இல்லை, ஒழுங்கு இல்லை என்று நம் பிள்ளைகளைத் திட்டுகிறோம். உறுதி எல்லாருக்கும் இருக்கிறது. விடிந்ததும் கால் தானாகப் போய்ச் சேர ஓர் இடம்தான் இல்லை. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் வரை தமிழ் மண்ணிலேயே ஓடும் வற்றாத ஆறு நம்முடையது. பாபநாசம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, சிந்துபூந்துறை, குறுக்குத்துறை என்று வழியெல்லாம் படித்துறை கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள் முன்னோர்கள். நாம் அந்த ஆற்றில் சாக்கடையை விட்டோம்.

போன வாரம் நகருக்குள் ஒரு படித்துறையில் இறங்கிப் பார்த்தேன். மேல்படிகளில் பாதம் பட்டுப் பட்டுக் கல் நடுவில் குழிந்திருக்கிறது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள், இங்கே மனிதர் இறங்கித் தேய்ந்த கல்லைக் கண்ணால் பார்க்கலாம். கீழ்ப்படிகள் பெயர்ந்து கிடக்கின்றன. இடுக்கெல்லாம் ஷாம்பு உறைகள். தண்ணீரில் கால் வைத்தால் யாரோ விட்டுப்போன பழைய சேலை கணுக்காலைச் சுற்றுகிறது. பத்தடி தள்ளிக் கறுப்பாக ஓர் ஓடை வந்து கலக்கிறது. 2024-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகளே நேரில் வந்து ஆற்றைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்கள் பார்த்ததைத்தான் நாமும் தினமும் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்க்கிறோம்.

எங்கள் கோரிக்கைகள் பெரிதல்ல. சாக்கடை எதுவும் சுத்திகரிக்கப்படாமல் ஆற்றில் இறங்கக் கூடாது. பெயர்ந்த படிகளைக் கல்லாலேயே செப்பனிட வேண்டும், வழவழப்பான ஓடு பதித்து ஆச்சிமார்களை வழுக்கிவிழ வைக்க வேண்டாம். பெண்கள் உடை மாற்றத் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை வேண்டும். தாழ்ப்பாளை அழுத்திச் சொல்கிறேன், முன்பு கட்டிய அறையில் அது இல்லை. விடிகாலை நாலரைக்கு எரிகிற விளக்கு வேண்டும். வெள்ளம் வந்தால் இந்த விளக்கெல்லாம் நிற்குமா என்று ஒருவர் கேட்டார். குறுக்குத்துறை முருகன் ஒவ்வொரு வெள்ளத்திலும் முங்கி எழுந்து அங்கேயே இருக்கிறார், கம்பத்தை உயரமாக நட்டால் போதும் என்றேன்.

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். ‘நேரம்’ என்று ஒரே சொல், கீழே இரண்டு கோடு. நான்காவது பகுதியான உணவைப் பற்றி மருத்துவர் அம்மா பேசுவார்கள், அல்வாவைப் பற்றி அவர்களிடம் சிபாரிசு செய்ய என்னால் முடியாது. மாமன்ற உறுப்பினர் அவர்கள் மேடையிலேயே மனுவைப் பெற்றுக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்கள், அதற்கு நன்றி. அதன் இன்னொரு படி பந்தல் வாசலில் மேசைமேல் இருக்கிறது. பக்கத்தில் உளுந்தங்கஞ்சி வைத்திருக்கிறோம். முதலில் கையெழுத்து, பிறகு கஞ்சி. பேனாவை மட்டும் தயவுசெய்து மேசையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். வணக்கம்.