மின்விசிறியை ஏன் நிறுத்தச் சொன்னேன்?

(மட்டக்களப்பு, கல்லடியில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். வந்ததும் வராததுமாக மின்விசிறியை நிறுத்தச் சொன்னதில் முன்வரிசை அம்மாமாருக்குக் கோபம் என்று தெரிகிறது. ஆவணி வெக்கை, வாவிக் காற்றும் இன்றைக்குக் கைவிட்டுவிட்டது. கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் காட்டப்போவது அசையாத காற்றில்தான் ஒழுங்காகப் பிறக்கும்.

மேசையில் இருப்பது பிஸ்கட் வந்த காட்போட் பெட்டி. ஒரு பக்கத்தில் சிரட்டை வாயளவுக்கு ஒரு வட்டத் துளை. எதிர்ப்பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டுப் பொலித்தீனை இழுத்து ஒட்டியிருக்கிறேன். உள்ளே சாம்பிராணிப் புகை. இப்போது பொலித்தீனில் ஒரு தட்டு.

பார்த்தீர்களா? வளையம் நேரே போய், நாலு முழம் தள்ளியிருந்த மெழுகுதிரியை அணைத்துவிட்டது. போன முறை ஒரு பாடசாலையில் இதைச் செய்தபோது பொலித்தீன் ஒட்டு விட்டு, புகை முழுக்க என் முகத்தில் அடித்தது. பிள்ளைகள் அதற்குத்தான் பலமாகக் கைதட்டினார்கள்.

சரி, வட்டத் துளையால் வந்தது ஏன் புகை உருண்டையாக இல்லாமல் வளையமாக வந்தது? துளையின் விளிம்பைப் பாருங்கள். நடுவில் வரும் காற்றுக்குத் தடையில்லை, பாய்ந்து வருகிறது. விளிம்பை உரசி வரும் காற்றுக்குப் பிசுக்குமை, அதாவது படைக்குப் படை ஒட்டி இழுக்கும் குணம், காலைப் பிடிக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் ஒன்று வேகம், ஒன்று மெதுவு. விளிம்பைத் தாண்டியதும் அந்த மெல்லிய படை வெளிப்பக்கமாகத் திரும்பிச் சுருண்டுகொள்கிறது, பாயைச் சுருட்டுவதுபோல. விளிம்பு வட்டமென்றபடியால் சுருளும் வட்டமாக வந்து மூடிக்கொள்கிறது. அதுதான் சுழி வளையம். புகை வெறும் சாயம். புகை இல்லாமல் தட்டினாலும் மெழுகுதிரி அணையும்.

வளையத்தின் உட்பக்கம் முன்னோக்கியும் வெளிப்பக்கம் பின்னோக்கியும் சுழல்கிறது. வண்டிச் சில்லுக்கு நிலம் கீழே இருக்கிறது. இதற்கு நிலம் சுற்றிவர இருக்கிற காற்று. உரசி இழுபடாமல் ஓரளவு உருண்டு போகிறபடியால்தான் இவ்வளவு தூரம் போகிறது. சும்மா வாயால் ஊதிய காற்று பாதி வழியிலேயே கலைந்துவிடும்.

கனமாகத் தட்டினால் பெரிய வளையம் வருமா என்று ஒரு தம்பி கேட்கிறார். ஓரளவுக்கு வரும், பிறகு வராது. 1998-இல் கரீப் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் தண்ணீரில் இதை அளந்தார்கள். துளையின் விட்டத்தைப் போல ஏறத்தாழ 4 மடங்கு நீளமான நீர்த்தண்டைத் தள்ளும்வரை எல்லாம் வளையத்துக்குள் சேர்கிறது. அதற்குமேல் தள்ளுவது பின்னால் வாலாகத் தொங்குகிறது. வளையத்துக்கும் வயிறு நிறைகிற ஒரு கட்டம் உண்டு. நம் இருதயத்தின் இடது கீழறைக்குள் இரத்தம் பாய்ந்து இறங்கும்போதும் ஒவ்வொரு துடிப்புக்கும் இப்படியொரு வளையம் உண்டாகிறது.

இந்தப் பெட்டி என் கண்டுபிடிப்பு இல்லை. 1867-இல் எடின்பரோவில் டெயிற் என்ற பேராசிரியர் இதேபோலப் பெட்டி கட்டி, பின்பக்கத்தில் துணியை இழுத்து, புகை வளையங்களைத் தன் நண்பருக்குக் காட்டினார். நண்பர் வில்லியம் தொம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு. இரண்டு வளையங்கள் முட்டி, ரப்பர்போல் அதிர்ந்து விலகுவதைக் கண்டு அவர் சொக்கிப்போனார். அதற்கு 9 வருடம் முன்பு, பிசுக்குமை இல்லாத பாயியில் (காற்று, தண்ணீர்போலப் பாய்கிற பொருளில்) சுழி அழியாது என்று ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜேர்மன் விஞ்ஞானி கணிதத்தால் காட்டியிருந்தார். அப்படியென்றால் அணு என்பதே ஈதரில், வெளியெங்கும் நிறைந்திருப்பதாக அக்காலத்தில் நம்பிய பாயியில், சுழலும் அழியாத வளையமாக இருக்கலாமே என்று தொம்சன் நினைத்தார். அழகான பிழை. அவர் நினைத்த பாயியில் வளையம் சாகாது, உண்மைதான். ஆனால் காலைப் பிடிக்கப் பிசுக்குமை இல்லாத இடத்தில் அது பிறப்பது எப்படி?

மறுகா, கிளாசைப் பாருங்கள். தண்ணீர் ஊற்றி ஒரு மணித்தியாலம் அசைக்காமல் வைத்திருக்கிறேன். மேற்பரப்புக்கு ஒரு அங்குலம் மேலேயிருந்து ஒரு சொட்டு மை. உயரத்திலிருந்து விட்டால் தெறித்துவிடும். விழுந்த சொட்டு வளையமாகி இறங்குகிறது... விரிகிறது, மெதுவாகிறது... இப்போது வளையம் ஒரே தடிப்பாக இல்லை, அங்கங்கே கனத்துத் தொங்குகிறது. தண்ணீரைவிட மைக்குப் பாரம் கூட. தொங்கிய இடங்கள் பிய்ந்து இறங்க, ஒவ்வொன்றும் ஒரு குட்டி வளையம். பின்வரிசையில் இருப்பவர்கள் எழும்பி வாருங்கள், கதவை மட்டும் திறக்காதீர்கள்.

மையும் பெட்டியும் இல்லாதவர்கள் வாவியில் பார்க்கலாம். மீன் பாடுவதைக் கேட்க நிலவில் தோணியில் போவீர்களே, நீர் அசையாத அந்த நேரத்தில் துடுப்பால் ஒரு தள்ளுத் தள்ளிச் சட்டென்று வெளியே எடுங்கள். நீர்மேல் சின்னதாக இரண்டு குழிகள் சோடியாக நகர்ந்து போகும். தனித்தனிக் குழிகள் என்று நினைக்காதீர்கள். கீழே இரண்டையும் வளைந்து தொடுக்கிறது ஒரே சுழி, பாதி வளையம். குழிகளில் ஒன்றைத் துடுப்பால் கலைத்துவிட்டு மற்றதற்கு என்ன நடக்கிறது என்று பார்த்து வந்து எனக்குச் சொல்லுங்கள்.

சரி தம்பி, இனி மின்விசிறியைப் போடுங்கள்.