அறுபதைத் தாண்டி மரதன்: மெதுவாக ஓடப் பழகிய கதை

[காட்சி: இருட்டு இன்னும் கலையவில்லை. மட்டக்களப்பு, கல்லடிப் பழைய பாலம். வாவியில் ஒரு தோணியின் விளக்கு.]

காலை 4.40. நான் நிற்பது கல்லடிப் பழைய பாலத்தில். 1924இல் திறந்த இரும்புப் பாலம் இது. 2013இல் பக்கத்தில் புதுப் பாலம் வந்த பிறகு பெரிய வாகனங்கள் எல்லாம் அங்கே போய்விட்டன. இந்த நேரத்தில் இங்கே தூண்டில் போடுபவர்கள், நடைக்கு வருபவர்கள், மறுகா நான். இந்த வாவிக்குப் பேர்போன பாடும் மீன் சத்தம் கேட்குமா என்று கேட்காதீர்கள். எனக்குக் கேட்பது என் மூச்சு மட்டும்தான்.

அந்த மூச்சு என்னை ஏமாற்றியது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எனக்கு 61 வயது. முப்பது வருசம் தபால் பையோடு சைக்கிள் மிதித்தவன். 58 வயதில் ஓடத் தொடங்கியபோது, "எனக்கென்ன, மிதித்து மிதித்து இரும்பான கால்" என்ற எண்ணம். முதல் மாதமே நிற்காமல் எட்டு கிலோமீற்றர் ஓடினேன். மூச்சு வாங்கவில்லை. மூன்றாவது மாதம், காலையில் கட்டிலால் இறங்கிக் காலை நிலத்தில் வைக்க முடியவில்லை. குதிக்காலுக்கு மேலே பின்பக்கம், ஆணி அடித்த மாதிரி வலி.

[காட்சி: காலின் வரைபடம். குதிக்காலில் இருந்து கெண்டைக்கால் வரை ஒரு கோடு சிவப்பாகிறது.]

இதுதான் குதிக்கால் நாண். நாங்கள் நரம்பு என்று சொல்லிவிடுவோம். உண்மையில் இது நரம்பு இல்லை, தசையை எலும்போடு கட்டியிருக்கிற கயிறு. ஓடப் பழகினால் இதயம் சில கிழமைகளிலேயே தேறிவிடும். இரத்தத்தின் அளவு கூடும், ஒரு துடிப்பில் தள்ளுகிற இரத்தமும் கூடும். நாணுக்கு அந்த அவசரம் கிடையாது. இரத்தக் குழாய்கள் குறைவு, புதுப்பிக்கும் வேலை மெதுவாகத்தான் நடக்கும். இதயம் கிழமைக் கணக்கில் தேறினால், நாண் மாதக் கணக்கில் தேறும். வயது ஏற ஏற இந்த இடைவெளி இன்னும் கூடும்.

சைக்கிள் என்னைக் காப்பாற்றவில்லை. ஏன் தெரியுமா? சைக்கிளில் கால் நிலத்தில் இடிப்பதே இல்லை. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடம்பு நிறையைப் போல இரண்டு மூன்று மடங்கு பாரம் ஒற்றைக் காலில் இறங்குகிறது. நான் 66 கிலோ. அப்படியென்றால் ஒரு அடிக்கு என்னைப் போல இரண்டு மூன்று ஆட்களை அந்தக் கால் தாங்க வேண்டும். ஒரு கிலோமீற்றரில் ஆயிரத்துக்கு மேல் அடிகள் வரும். நெஞ்சு "போகலாம், போகலாம்" என்கிறது; கயிறோ ஒவ்வொரு இழையாக விட்டுக்கொண்டிருக்கிறது.

போதாததற்கு, மணல் மெது மெது என்று இருக்கும், காலுக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் கடற்கரையில் ஓடினேன். கல்லடிக் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். மணல் கடலை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரு கால் மேட்டில், ஒரு கால் பள்ளத்தில். இளகின மணலில் குதிக்கால் புதையப் புதைய நாண் இன்னும் இழுபடும். நோகிற காலுக்கு அதைவிடக் கெடுதல் வேறு இல்லை.

[காட்சி: வீட்டு வாசல் படி. இரண்டு வெறுங்கால்கள், படியின் விளிம்பில்.]

என்னைத் தேற்றியது இந்தப் படிதான். முன்பாதம் படியில், குதிக்கால் அந்தரத்தில். இரண்டு காலாலும் எழும்பி, நல்ல காலை எடுத்துவிட்டு, நோகிற காலால் மட்டும் மெல்ல மெல்ல இறங்க வேண்டும். இறங்குவதுதான் மருந்து. முழங்காலை நீட்டி வைத்து 15 தடவை, மூன்று முறை. முழங்காலைக் கொஞ்சம் மடித்து அதே மாதிரி. காலையும் மாலையும். கூட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்கு 180. இப்படிப் 12 கிழமை.

இது சுவீடன் நாட்டு எலும்பு முறிவு மருத்துவர் ஹோக்கன் அல்ஃப்ரட்சன் 1998இல் எழுதி வெளியிட்ட முறை. இதன் பின்னால் ஒரு வேடிக்கைக் கதையும் சொல்வார்கள். அவருக்கே குதிக்கால் நாண் வலியாம். அறுவைச் சிகிச்சை செய்யச் சொல்லிக் கேட்க, மேலதிகாரி மறுத்துவிட்டாராம். அறுந்தாவது போகட்டும், அப்போது வெட்டித்தானே ஆகவேண்டும் என்று வீம்புக்குப் பாரம் ஏற்றப் போய், வலி மாறிவிட்டதாம்! நீங்கள் வீம்புக்குச் செய்யாதீர்கள். பிசியோதெரபி தெரிந்த ஒருவரிடம் காலைக் காட்டிவிட்டுச் செய்யுங்கள்.

மறுகா பாலத்துக்குத் திரும்பினேன், இந்த முறை மெதுவாக. எவ்வளவு மெதுவாக என்றால், முதல் கிழமை ஒரு தோணிக்காரத் தம்பி கேட்டார்:

"என்ன தபால் ஐயா, ஓடுறீங்களோ, ஆரையும் தேடுறீங்களோ?"

சிரித்துவிட்டு ஓடினேன். சரி, ஓடுகிற மாதிரிப் போனேன்.

மெதுவு என்பதற்கு அளவு என்ன? கைக்கடிகாரம் இதயத்துடிப்பைக் காட்டும். 220இல் வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு என்று ஒரு கணக்கு ஊரெல்லாம் உலவுகிறது, எனக்கு 159. வயதின் 0.7 மடங்கை 208இல் கழிப்பது இன்னொரு கணக்கு, அதன்படி 165. இரண்டும் சராசரிக் கணக்குத்தான், ஆளுக்கு ஆள் பத்து துடிப்புக் கூடக் குறைய இருக்கும். நான் நம்புவது வாயை. பேசிக்கொண்டு ஓட முடிந்தால் வேகம் சரி.

தனியாக ஓடுபவன் யாரோடு பேசுவது? என் பழைய வட்டாரத்தின் வீடுகளைக் கடிதம் கொடுத்த ஒழுங்கிலேயே சத்தமாகச் சொல்வேன். முதலாவது பச்சைக் கேற், அடுத்தது கிணற்றடி வீடு, மாமரத்து வீடு, நாய் நிற்கிற வீடு. ஒரே மூச்சில் நாலு வீடு வந்தால் சரி. மூன்றாவது வீட்டில் மூச்சு அறுந்தால் வேகத்தைக் குறைப்பேன். நாய் நிற்கிற வீட்டில் மட்டும் இப்போதும் துடிப்பு கொஞ்சம் கூடும், அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

[காட்சி: பாலத்தில் ஓடும் உருவம், மிக மெதுவாக.]

எட் விட்லொக் என்று ஒரு கனடாக்காரர். 2003இல், 72 வயதில், மரதனை 2 மணி 59 நிமிடம் 10 செக்கனில் ஓடினார். எழுபதைக் கடந்து மூன்று மணித்தியாலத்துக்குள் முடித்த முதல் ஆள். அடுத்த வருசம் அதைவிட நாலு நிமிடத்துக்கு மேல் குறைத்தார். பயிற்சி எங்கே தெரியுமா? வீட்டுக்குப் பக்கத்துச் சுடலைக்குள். சின்ன வட்டம், சுற்றிச் சுற்றி, மூன்று மணித்தியாலம் வரை, மெதுவாக. முழங்கால் வலியால் மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்த காலமும் அவருக்கு உண்டு. நான் அவர் இல்லை. ஐந்தரை மணித்தியாலத்தில் முடித்தால் எனக்குப் போதும். ஆனால் இந்தப் பாலத்தை எட்டுத் தடவை போய் வரும்போது அலுப்பு வந்தால் அந்தச் சுடலையை நினைத்துக்கொள்வேன்.

கிழமையில் நாலு நாள்தான் ஓட்டம். செவ்வாய், புதன், வெள்ளி சிறிய ஓட்டம். ஞாயிறு நீள ஓட்டம். மற்ற நாட்களில் படி, கொஞ்சம் நடை. இளம் பிள்ளைகள் நாள் தவறாமல் ஓடிவிடுவார்கள். எங்கள் வயதில் தசை திரும்பக் கட்டுப்படப் பிந்தும். அதனால் நேரத்துக்கு மீன், முட்டை, பருப்பு என்று புரதமும் சேர வேண்டும். தேத்தண்ணியும் பாணும் மட்டும் காணாது.

[காட்சி: காத்தான்குடிப் பிரதான வீதி, நடுவில் பேரீச்ச மரங்கள். பள்ளிவாசலில் இருந்து ஆட்கள் வெளியே வருகிறார்கள்.]

ஞாயிறு ஓட்டம் கல்முனை வீதியால். காத்தான்குடியில் நுழையும்போது சுபஹுத் தொழுகை முடிந்து ஆட்கள் வருவார்கள், தேத்தண்ணிக் கடை திறந்திருக்கும். அங்கிருந்து ஆரையம்பதி தாண்டிக் கிறுகி வருவேன். நாலு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. 1972 ஒலிம்பிக்கில் பத்தாயிரம் மீற்றர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் கலோவே பரப்பிய முறை இது. களைத்த பிறகு நடப்பது இல்லை, களைக்க முதலே நடப்பது. அதில்தான் சூட்சுமம்.

மரதனின் 42.195 கிலோமீற்றரில் பலர் விழுவது முப்பதாவது கிலோமீற்றரை ஒட்டி. தசையிலும் ஈரலிலும் சேமித்த மாச்சத்து அந்த அளவில்தான் தீரும். வேகமாக ஓடினால் முந்தியே தீரும், மெதுவாக ஓடினால் கொழுப்பும் பங்குக்கு வரும். நீள ஓட்டத்தில் நான் வாழைப்பழமும் பேரீச்சம்பழமும் கொண்டு போவேன்.

எங்கள் ஊருக்கே உரிய எதிரி வெக்கை. வைகாசி தொடங்கிக் கச்சான் காற்று வீசும். கடலைக் கச்சான் இல்லை, மேற்கே இருந்து வருகிற காய்ந்த சூட்டுக் காற்று. அது இல்லாத நாளில் ஈரப்பதன். வியர்வை வடியும், ஆனால் காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. அதனால்தான் 4.40. சூரியன் ஏற முதல் வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

அதற்காகத் தண்ணீரைக் குடம் குடமாகக் குடிக்கவும் கூடாது. 2002 பொஸ்டன் மரதனில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 வீதமானோருக்கு உப்பு குறைந்திருந்தது. அதிகமாகக் குடித்ததே பெரிய காரணம். இளநீர் நல்லது, ஆனால் அதில் பொட்டாசியம்தான் கூட, சோடியம் குறைவு. தாகத்துக்குக் குடியுங்கள், வந்து உப்புக் கஞ்சி குடியுங்கள்.

இன்னொன்று. ஓட முதல் வலி மாத்திரை போடுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. நானும் ஒரு நாள் போட்டேன். உடம்பில் தண்ணீர் வற்றும் நேரத்தில் அந்த மாத்திரைகளில் பல சிறுநீரகத்தைத் தாக்கும். வலி காலில் இருந்து வருகிற தந்தி. தந்தியைக் கிழித்துப் போட்டால் செய்தி மாறுமா? தபால்காரன் சொல்கிறேன். நெஞ்சில் இறுக்கம், தலைச்சுற்று என்றால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். அறுபதை ஒட்டித் தொடங்குபவர்கள் முதலில் பிரசர், சீனி, ஈசிஜி பார்த்துவிட்டுச் சப்பாத்து வாங்குங்கள்.

[காட்சி: வாசல் படி. சப்பாத்து காய்கிறது.]

என் மரதனுக்கு இன்னும் எட்டுக் கிழமை இருக்கிறது. கடைசி மூன்று கிழமையும் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வருவேன். நாளைக்கு வியாழக்கிழமை, ஓட்டம் இல்லை. அலாரத்தை நிறுத்திவிட்டேன். ஆனாலும் நாலரைக்கு முழிப்பு வரும். பத்து நிமிடம் கூரையைப் பார்த்துவிட்டுப் படிக்குப் போவேன்.