சோபாத் துணியில் ஒரு ஹீரோ

நடுவர் அவர்களே, வணக்கம். பிரிட்டிஷ் தொழில்முறை மல்யுத்தம், பிக் டாடி என்ற அந்த ஒரு மல்யுத்த வீரரால் வாழ்ந்ததா, வீழ்ந்ததா? வீழ்ந்தது என்கிறது எங்கள் அணி.

மனைவி யூனிஸ் சோபா உறைத் துணியில் தைத்துக் கொடுத்த உடையோடு வந்த மனுஷனைப் பார்க்க, சனிக்கிழமை நாலு மணிக்குப் பாட்டியும் பேரனும் ஐடிவி என்ற பிரிட்டிஷ் டிவி சேனல் முன்னால் உட்கார்ந்தார்கள் என்று எதிரணி நண்பர் உருகினார். உட்கார்ந்தார்கள்தான், யார் இல்லை என்றது? பார்த்தது என்ன, அதைச் சொல்லுங்கள் ஐயா.

டாடியின் நிஜப் பெயர் ஷெர்லி கிராப்ட்ரீ, இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ்காரர், 1930-ல் பிறந்தவர். பிக் டாடியாகப் புகழின் உச்சிக்கு வந்தபோது நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. அதனால்தான் ஜோடி ஆட்டம். கூட ஒரு ஒல்லிப் பையன் நிற்பான், அடி உதை எல்லாம் அவனுக்கு, அவன் தவழ்ந்து வந்து கையை எட்டித் தொட்டதும் டாடி உள்ளே நுழைவார், தொப்பையால் ரெண்டு இடி, அப்புறம் கீழே கிடப்பவன் மேல் மொத்த உடம்போடு ஒரு விழுகை, கூட்டம் 'ஈஸி, ஈஸி' என்று கத்தும், முடிந்தது. 1981-ல் லண்டன் வெம்பிளியில் ஜயன்ட் ஹேஸ்டாக்ஸ் என்ற போட்டி வீரரோடு நடந்த அந்தப் பெரிய மோதல் மூணு நிமிஷம்கூட ஓடவில்லை. நம் ஊரில் காபி ஆற்றவே அதைவிட நேரமாகும்!

எப்படி இது நடந்தது? ஆட்டங்களை நடத்திய ஜாயின்ட் ப்ரமோஷன்ஸ் கம்பெனியில் யாரோடு யாரை மோதவிடுவது என்று தீர்மானித்தவர் டாடியின் தம்பி மேக்ஸ். பரிமாறுகிறவன் நம்மாளாக இருந்தால் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தாலும் பாயசம் வரும் இல்லையா, அந்தக் கதைதான். ரவுண்டு ரவுண்டாகப் பிடி போட்டு, பிடி அவிழ்த்து ஆடிய மார்ட்டி ஜோன்ஸ், மார்க் ராக்கோ மாதிரி ஆட்கள் அந்த நிழலிலேயே நின்றார்கள். டாடிக்கு ஜோடியாக நின்ற பையன்களில் டைனமைட் கிட் 1978-ல் கனடாவுக்குப் போய்விட்டார், பின்னாலேயே டேவி பாய் ஸ்மித்.

1988-ல் ஐடிவி மல்யுத்தத்தை நிறுத்தியது. ஜனங்களுக்கு அலுத்துவிட்டது என்கிறீர்களா? 1992-ல் அதே டேவி பாய், லண்டன் வெம்பிளி ஸ்டேடியத்தில் பிரெட் ஹார்ட்டை வென்றபோது கூட்டம் சுமார் 80,000. டிக்கெட் காசு மட்டும் அந்த ஆட்டத்தை நடத்திய அமெரிக்கக் கம்பெனிக்குப் போனது, நடுவர் அவர்களே.