பழச குடுத்தா புதுசு, யாருக்கு? பாம்பன்ல பேசினது

எல்லாருக்கும் வணக்கம். மைக்கு கரகரங்குது, உப்புக்காத்துல இதுவும் போச்சு போல. மதுரைல பதினஞ்சு வருஷம் ஓடுற குட்டியானை சரக்கு வண்டி இங்க எட்டு வருஷத்துலயே அடித்தகடு பொத்துப்போகுது, அதனால பழச குடுங்க, புதுசுக்கு அரசாங்கம் சலுகை தருதுன்னா நம்ம காதுக்கு இனிக்கத்தான் செய்யும்.

2021 ஆகஸ்ட்ல இந்த பழைய வண்டி ஸ்க்ராப் பாலிசிய அறிவிச்சாங்க. லைசென்ஸ் வாங்கின ஸ்க்ராப் சென்டர்ல வண்டிய குடுத்தா புது வண்டி ஷோரூம் விலைல 4லேருந்து 6 சதவீதம் கிடைக்கும், கம்பெனிக்காரங்க இன்னொரு 5 சதவீதம் குறைச்சா நல்லதுன்னு ஒரு யோசனை (கட்டாயம்லாம் இல்ல, யோசனைதான்), ரிஜிஸ்ட்ரேஷன் பீஸ் கிடையாது, ரோடு டாக்ஸ்ல சொந்தக் காருக்கு 25 சதவீதம் வரைக்கும் தள்ளுபடி, வாடகைக்கு ஓடுற வண்டிக்கு 15 வரைக்கும். கவனிச்சீங்களா? குடும்பத்தோட கோயிலுக்குப் போற காருக்கு 25, மீன் ஏத்திப் பொழைக்கிற வண்டிக்கு 15.

சரி, அந்த 15ஐ வாங்கவாவது நம்மாளு புது வண்டி வாங்கணும்ல. நம்ம ஆளுங்க ஓட்டுறதே மூணாவது கை, நாலாவது கை வண்டி. அவனுக்கு சலுகை இல்ல, சுமைதான் வந்துச்சு, 2022 ஏப்ரல்லேருந்து 15 வருஷம் தாண்டின காருக்கு மறுபதிவு 600 ரூபாயா இருந்தது 5000 ஆச்சு, பைக்குக்கு 300 இருந்தது 1000.

இத நம்ம ஊர் மட்டும் பண்ணல. அமெரிக்காவுல 2009ல மார்க்கெட் படுத்தப்ப, பழைய வண்டிய குடு, 3500 இல்ல 4500 டாலர் கழிச்சுக்கன்னாங்க. மொதல்ல ஒதுக்கின 100 கோடி டாலர் ஒரு வாரத்துல காலி, மேல 200 கோடி போட்டாங்க, ஆறே முக்கா லட்சம் வண்டி மாறிச்சு. வாங்கின பழைய வண்டி இன்ஜின்ல சோடியம் சிலிகேட் கரைசல ஊத்தி ஓடவிட்டு இறுக வச்சாங்க, திரும்ப யாரும் ஓட்டிரக் கூடாதுல்ல. ஓடுற இன்ஜின கொன்னத கேட்டா நம்ம மெக்கானிக் தம்பி அழுதுருவான். அப்புறம் கணக்குப் பாத்த பொருளாதாரக்காரங்க பலபேரு சொன்னது, அந்த வண்டியில நெறைய எப்படியும் சில மாசத்துல வித்துருக்கும், முன்கூட்டி வித்துச்சு, அவ்வளவுதான். புகை குறைஞ்சுதான்னா கொஞ்சம் குறைஞ்சுச்சு, அத நான் இல்லைன்னு சொல்லல.

இப்ப நம்ம கதைக்கு வாங்க. 2017 ஜூலைல கலாம் அய்யா நினைவிடம் தொறக்க பிரதமர் ராமேஸ்வரம் பேய்க்கரும்புக்கு வந்தப்ப ஆழ்கடல் படகுக்கு உத்தரவு குடுத்தாரே, ஞாபகம் இருக்கா. இழுவைமடி (கடல் தரையோட இழுத்துட்டுப் போற வலை) விசைப்படக குடுத்துரு, சூரை மீன் பிடிக்கிற தூண்டில் படகு வாங்கிக்க. அப்ப போட்ட கணக்குல படகு 80 லட்சம், மத்திய அரசு 40, மாநிலம் 16, பேங்க் கடன் 16, நம்ம கைக்காசு 8. மூணு வருஷத்துல 2000 படகுன்னு திட்டம், கிட்டக்கூடப் போகல. ஏன்? திங்க புதன் சனி போயி மறுநாள் கரை பிடிக்கிற ஆளு பத்து பதினஞ்சு நாள் கடல்ல கிடக்கணும், டீசல் செலவு வேற, மீனுக்கு விலை சொல்ல ஆளு வேற. திட்டம் தப்புன்னு நான் சொல்லல, மடி இழுத்து இழுத்து பாக் ஜலசந்தில தரையே போச்சு, அத நிறுத்துங்கன்னு நாட்டுப்படகுக்காரங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஆனா கண்டிஷன பாருங்க. பழைய படகு மிஞ்சக் கூடாது, தொழில மாத்தணும், கடல மாத்தணும், கடன் கட்டணும். சலுகை ஓனருக்கு, பிடிச்ச மீன்ல பங்கு வாங்கிக்கிட்டு கடலுக்குப் போற ஆளுக்கு ஒண்ணுமில்ல.

இதே நாட்டுலதான் 2019 செப்டம்பர் 20ந்தேதி கம்பெனி வரிய 30லேருந்து 22 சதவீதமா குறைச்சாங்க, புது பேக்டரிக்கு 15. வருஷத்துக்கு 1,45,000 கோடி அரசாங்கம் விட்டுக்குடுக்குதுன்னு அவங்களே சொன்ன கணக்கு. மத்த சலுகைய விட்டாத்தான் 22ன்னு ஒரு கண்டிஷன் உண்டு, அத மறைக்கல. ஆனா மிச்சமான காசுல ஆள் எடு, சம்பளம் ஏத்து, விலைய குறைன்னு ஒரு வரி கிடையாது. 2018-19ல கம்பெனி வரி ஆறரை லட்சம் கோடிக்கு மேல வந்துச்சு, அடுத்த வருஷம் அஞ்சரை லட்சம் கோடிதான். அப்புறம் ஏறிச்சு, நெசந்தான், ஆனா 2023-24ல பாத்தா தனியாளுங்க கட்டின வருமான வரி கம்பெனிங்க கட்டினத தாண்டி நிக்குது.

கம்பெனிக்கு சலுகையே குடுக்காதன்னு சொல்ல வரல, பேக்டரி வந்தா நம்ம பிள்ளைங்களுக்குத்தான் வேலை. படகுக்காரன்கிட்ட எழுதி வாங்குற மாதிரி அவங்ககிட்டயும் எழுதி வாங்கு, அவ்வளவுதான் கேக்குறேன்.

அந்தப் பக்கம் பெரியவர் கை தூக்குறாரு... என்னண்ணே? "அப்ப எம்படக உடைக்கவா வேணாமா?" அத நான் சொல்ல முடியாதுண்ணே. பேங்க்ல மாசத் தவணை எவ்வளவுன்னு கேளுங்க, உங்க படகுல வர்ற அஞ்சு பேருகிட்ட பதினஞ்சு நாள் கடலுக்கு வருவீங்களான்னு கேளுங்க, அப்புறமா கோடாலிய எடுங்க.